துவக்கு யாருடையது

கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பலெர்மோவின் கபோச் சந்தைக்குள் மீன்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நேரம். தபால்காரி கீழே நின்று மணியடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பச்சை உறையைக் கொடுத்துவிட்டுப் போனாள். இராசேஸ்வரி அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். இந்த நாட்டில் நல்ல செய்தியைப் பச்சை உறையில் போட்டு யாரும் அனுப்புவதில்லை.

உறையில் இருந்தது மகள் அபிதாவின் பெயர். மத்தியானம் அவள் வந்து, நின்ற நிலையிலேயே கிழித்து வாசித்தாள். துவக்கு லைசென்ஸ் கேட்டு அவள் போட்ட விண்ணப்பத்தை நிராகரிக்கப் போகிறார்களாம். விண்ணப்பதாரி, ஆயுதக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவருடன் ஒரே வீட்டில் வசிக்கிறாராம். ஆகவே அவர் கையில் ஆயுதம் கொடுப்பதில் நம்பிக்கை இல்லையாம். மறுப்புச் சொல்ல இருந்தால் பத்து நாளுக்குள் எழுத்தில் சொல்லவேண்டுமாம்.

அந்த ‘ஒருவர்’ அடுப்படியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆரடி அந்த ஆள்?” என்று தெரிந்துகொண்டேதான் கேட்டாள் இராசேஸ்வரி.

“நீங்கள்தான் அம்மா.”

கத்தியைப் பலகையில் போட்டாள். “நீதவான் எனக்கு ரெண்டரை வருசம் எண்டுதானே சொன்னவர்? பதினாலு மாசம் உள்ளுக்கை இருந்தன். மிச்சத்துக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் போய்ப் போய்க் கையெழுத்து வைச்சன். ஒரு நாள் பிந்தினனானோ? இப்ப என்ன, வட்டி கேக்கினமோ? உனக்கும் சேர்த்தோ அந்த மனுசன் தீர்ப்புச் சொன்னவர்?”

அபிதா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். அவளுக்கு இருபத்து நாலு வயது. பலெர்மோவில் பிறந்தவள், பதினெட்டு வயதில் இத்தாலிக் குடியுரிமை எடுத்தவள். ஐந்து கோடைகாலம் மொண்டெல்லோ கடற்கரையில் குடை விரித்து, கதிரை சுமந்து, சாப்பாட்டுக்கடையில் தட்டுத் தூக்கினாள். செப்டம்பர் முடியும்போது எல்லா முதலாளிமாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: அடுத்த வருஷம் பார்ப்போம். இந்த முறைதான் துறைமுகப் பக்கத்துப் பண்டகசாலை ஒன்றுக்கு ஆள் போடுகிற காவல் கம்பனி அவளை எடுக்கச் சம்மதித்தது. நிரந்தர வேலை. ஆனால் அங்கே காவல் நிற்பவர்கள் இடுப்பில் பிஸ்டல் வைத்திருக்க வேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். சுடுபயிற்சிக்குப் போனாள், பத்துக்கு ஒன்பது குறி தப்பாமல் அடித்தாள். கண் டாக்குத்தர், மனநல டாக்குத்தர் எல்லோரும் நல்ல பிள்ளை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவளில் ஒரு குறையும் இல்லை. குறை அவளைப் பெற்றவளில்தான் என்று இப்போது லைசென்ஸ் கொடுக்கிற அரசாங்கக் கந்தோர் சொல்கிறது.

பெற்றவள் செய்த குற்றம் என்ன? அதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கே இரத்தம் கொதிக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் இராசேஸ்வரி கார்மேலோ என்ற ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலையில் இருந்தாள். புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். வீட்டில் பதினொரு வயதுப் பிள்ளை. கிழவரைத் தூக்கி இருத்தி, துடைத்து, ஊட்டி, ஆறு வருஷம் பார்த்தாள். கிழவரின் மூத்த மகன் கயெத்தானோதான் அவளுடைய முதலாளி. மருந்துக்கடைக்காரன், ஊரில் மரியாதைப்பட்ட ஆள், எல்லோரும் ‘தொத்தோரே’, டாக்குத்தர் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வைக்கிற கையெழுத்தில்தான் அவளுடைய வேலை ஒப்பந்தம் நின்றது. அந்த ஒப்பந்தத்தில்தான் அவளுடைய பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, நின்றது. இராசேஸ்வரி என்று வாயில் வராததால் அவளுக்கு ‘ரோசா’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

கிழவரின் அலுமாரிக்குப் பின்னால் ஒரு இரட்டைக் குழல் துவக்கு இருந்தது. அதன் இலக்கம் அரத்தால் அராவி அழிக்கப்பட்டிருந்தது. எந்தக் காலத்தில், எதற்காக அராவினார்களோ, கிழவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். கிழவர் செத்த மறுநாள், மிலானோவில் இருக்கிற தன் தம்பி, வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்க வரப்போகிறான் என்றதும், கயெத்தானோ அதைப் படுக்கை விரிப்பால் சுற்றி அவள் கையில் கொடுத்தான். “ரோசா, ஞாயிற்றுக்கிழமை வரை உன் வீட்டில் வைத்திரு. நான் வந்து எடுக்கிறேன்.”

சுமையைக் கையில் வாங்கியதும் அது என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவளுக்குத் துவக்கின் பாரம் தெரியாதா? கிழவர் இல்லாமல் இனி ஒப்பந்தத்தை நீட்டுவது அவன் கையில்தான்; மாட்டேன் என்றால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் பெர்மெஸ்ஸோ போகும். வாங்கிக்கொண்டு வந்து அலுமாரிக்கு மேலே, பழைய போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். ஞாயிறு வந்தது. கயெத்தானோ வரவில்லை. மூன்றாவது கிழமை, மேல்மாடிக்காரன் எதையோ களவெடுத்தான் என்று பொலிஸ் வந்து கட்டடம் முழுவதையும் சோதித்தது. அவள் வீட்டில் கிடந்தது துவக்கு.

அவள் கயெத்தானோவுக்குப் போன் எடுத்தாள். “உன்னுடையது என்று சொல்லு. பின்னேரத்துக்குள் வக்கீலோடு வந்து உன்னை வெளியே எடுக்கிறேன்” என்றான்.

இந்த இடத்தில்தான் இராசேஸ்வரி அந்தப் பிழையைச் செய்தாள். வேறு ஊர்க்காரி என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் அவளுடைய ஊரில், அவளுடைய பதின்ம வயதில், இரண்டு அண்ணன்மாரையும் ஒரே நாளில் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டினார்கள். சின்னண்ணன் ஒரு எழுத்தும் விளங்காமல் கையெழுத்தை வைத்தான், வீட்டுக்கு வந்தான். பெரியண்ணன், “வாசிச்சுக் காட்டாமல் வைக்கமாட்டன்” என்றான். அவன் இன்றைக்கும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில், அந்த ஒழுங்கையில், ஏன் அந்த ஊரிலேயே ஒரு பாடம் எல்லோருக்கும் மனப்பாடம்: கேட்டதுக்கு ஓம் சொல்லு, கையெழுத்தைப் போடு, உயிரோடு வீட்டை வா.

பலெர்மோப் பொலிஸ் அவளை அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், கதிரை கொடுத்தார்கள், “யாருடையது?” என்று கேட்டார்கள். ‘என்ரை’ என்றாள். எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். சந்தையில் என்றாள். தாள் வந்தது. ஒன்றுக்கு நாலு இடத்தில் கையெழுத்தை வைத்தாள், இனி வீட்டுக்குப் போகலாம் என்று கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழும்பினாள். அவர்களுக்கே அது புதினமாக இருந்திருக்கும்.

வக்கீல் வரவில்லை. கயெத்தானோ வந்தான், ஐந்து மாதம் கழித்து, சாட்சிக் கூண்டுக்கு. சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தான். “இந்தத் துவக்கை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை” என்றான். இராசேஸ்வரி எழும்பி உண்மையைச் சொன்னாள், அழுது அழுது சொன்னாள். நீதவான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, இது உங்கள் கையெழுத்துத்தானே?” என்றார். அவ்வளவுதான் வழக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்! பதினாலு மாதம் அவள் மறியல் கம்பிக்குப் பின்னால் இருக்க, பக்கத்து ஒழுங்கைக் குகனேஸ்வரிதான் அபிதாவை வைத்துப் பார்த்தாள். பிள்ளை பெரியபிள்ளையானது குகனேஸ்வரி வீட்டில். தாய் அதைக் கேள்விப்பட்டது ஆறு நாள் கழித்து.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தாயும் மகளும் விமலராஜிடம் போனார்கள். விமலராஜ் தமிழ்ச் சனத்துக்குக் கடுதாசி எழுதிக் கொடுக்கிற ஆள், ஒரு தொழிற்சங்கக் கந்தோரில் மேசை போட்டு இருக்கிறவன். மனுஷன் நல்லவன்தான், ஆனால் எந்தப் பூட்டுக்கும் ஒரு கள்ளச் சாவி தன்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு.

“அக்கா, இது சின்ன விசயம்” என்றான். “நீங்கள் வீட்டிலை இருக்கிறதுதானே பிரச்சினை? உங்கடை பதிவைக் குகனேஸ்வரி அக்கா வீட்டுக்கு மாத்துவம். பிள்ளை ஒரு உறுதிக் கடிதம் எழுதட்டும். அவவோடை எனக்கு ஒரு தொடர்பும் இல்லை எண்டு.”

“அப்ப என்ரை தண்டனையை அழிக்க ஏலாதோ?” என்று கேட்டாள் இராசேஸ்வரி. “திருந்தினவைக்கு ஏதோ தீர்ப்புக் குடுக்கினம் எண்டு சொன்னாங்கள்?”

“ஓம், இருக்கு. மனுப் போடலாம். ஆனா ஒரு வருசம், ஒண்டரை வருசம் இழுக்கும். உங்களுக்கு இருக்கிறது பத்து நாள். அதுவும் கிடைச்சாப் பிறகும் கந்தோர் விரும்பினாத்தான்.”

“செய்யாத குற்றத்துக்குத் திருந்தினன் எண்டு நான் மனுப் போடோணும். அதுக்கும் வரிசை!”

விமலராஜ் சிரித்துச் சமாளித்தான். விசைப்பலகையைத் தட்டி, ஐந்து நிமிஷத்தில் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். அபிதா அதைப் பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தாள். இராசேஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். இத்தாலியன் வாசிக்க அவள் பழகியது மறியலில்தான், வேறெங்கே அவளுக்கு நேரம் இருந்தது? ‘மேற்படி இராசேஸ்வரி என்பவருடன் நான் வசிக்கவில்லை. அவருடன் எந்தத் தொடர்பும் வைத்திருக்கவில்லை. அவருடைய நடத்தையை வன்மையாகக் கண்டிக்கிறேன்.’

“கண்டிக்கிறியோ?” என்றாள்.

“நான் எழுதேல்லை அம்மா. விமலராஜ் அங்கிள் எழுதினது.”

“எழுதினது ஆரெண்டா என்ன. போடு கையெழுத்தை. நான் நாளைக்கே குகனேஸ்வரி வீட்டை போறன். மாசத்திலை ஒரு நாள் சந்தைக்குள்ளை சந்திப்பம். வேலைதான் முக்கியம்.”

“மாத்தேன்!” என்று கத்தினாள் அபிதா. கோபம் வந்தால் அவளுடைய தமிழ் சறுக்கி விழும். “பதினாலு மாசம் அம்மா இல்லாமல் இருந்தனான். இப்ப அம்மா இருந்தும் இல்லையெண்டு நானே எழுதித் தரோணுமோ? Ma che giustizia è? இது என்ன நியாயம்? உண்மையா அந்தத் துவக்கை வைச்சிருந்த ஆளை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை? நீங்கள் கேட்டனீங்களோ, ஒருநாளாவது?”

கேட்கவில்லை. பதின்மூன்று வருஷத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. மறியலால் வந்த புதிதில் அவனைத் தூரத்தில் கண்டு, இவள்தான் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போனாள். வெட்கப்பட வேண்டியவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்க, இவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதை நினைக்க நினைக்க இப்போது அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைய வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி மொண்டெல்லோவுக்குப் போனாள். ஒக்டோபர் மாதம். குடைகள் இல்லை, கடற்கரை வெறிச்சென்று கிடந்தது. கடைத்தெருவில் கேட்டு விசாரித்து, அவனுடைய வெள்ளை மதில் வீட்டைக் கண்டுபிடித்தாள். கயெத்தானோவே வந்து கதவைத் திறந்தான். மருந்துக்கடையை விற்றுவிட்டு ஓய்வில் இருந்தான். எழுபது வயது, ஆனால் மனுஷன் வாடவில்லை. பச்சை வேட்டைச் சட்டை, காலில் சேறு அப்பிய சப்பாத்து, பக்கத்தில் ஒரு புள்ளி நாய்.

“ரோசா! எத்தனை வருஷம்! உள்ளே வா, உள்ளே வா. கோப்பி குடிப்பாயா?”

குற்றவுணர்வு என்று மருந்துக்குக்கூட முகத்தில் இல்லை. பழைய வேலைக்காரி நலம் விசாரிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பான் போல. அவள் கோப்பி வேண்டாம் என்றாள். கடிதத்தை மேசையில் வைத்தாள். அவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தான்.

“அநியாயம்” என்றான். “பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இந்த நாடு அப்படித்தான், ரோசா. ஒருவன் ஒருமுறை விழுந்தால் அவன் பேரப்பிள்ளை வரைக்கும் விடமாட்டார்கள்.”

“அப்ப எழுதித் தாங்கோ.”

“எதை?”

“துவக்கு உங்கடை அப்பாவின்ரை எண்டு. நீங்கள்தான் என்னட்டைத் தந்தனீங்கள் எண்டு. ஒரு பக்கம் காணும்.”

கயெத்தானோ கண்ணாடியைக் கழற்றினான். எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ உறவுக்காரிக்குப் புத்தி சொல்வதுபோலப் பேசினான்.

“முடியாது ரோசா. நீ கேட்காமலே நான் இதை யோசித்திருக்கிறேன். வக்கீலிடமும் விசாரித்தேன். காலம் கடந்துவிட்டது, இனி என்மேல் வழக்குப் போட முடியாது. மறியலும் இல்லை, அபராதமும் இல்லை.”

“அப்ப என்ன பயம்?”

அவன் சுவரோரம் இருந்த இரும்பு அலுமாரியைக் காட்டினான். “என் லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள். மூன்று துவக்கு வைத்திருக்கிறேன், மூன்றும் முறைப்படி பதிந்தவை. முயல் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் ரோமாவில். இந்த வயதில் வேட்டையும் நாயும் தவிர எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லு?”

இராசேஸ்வரிக்கு ஒரு கணம் காது அடைத்தது. தான் கேட்டது சரிதானா என்று அவனுடைய வாயையே பார்த்தாள். இவன் மறியலுக்குப் பயப்பட்டான் என்றால் அதிலாவது ஒரு நியாயம் உண்டு, மறியல் எப்படி என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளின் மரியாதைக்குப் பயந்தான் என்றாலும் விட்டுவிடலாம். முயல்! முயல் சுட முடியாமல் போய்விடும் என்று மனுஷன் கவலைப்படுகிறான். கோழி தின்ற கள்ளனும் கூட நின்று உலாவுகிறான் என்று சொல்வார்கள். இங்கே கள்ளனுக்கு அரசாங்கமே துவக்கைக் கொடுத்து, உலாவிவிட்டு வா ராசா என்று அனுப்பியிருக்கிறது.

“உங்கடை கையிலை மூண்டு துவக்கு” என்றாள், தெரிந்த இத்தாலியனில். “என்ரை பிள்ளையின்ரை கையிலை ஒண்டு இருந்தா நாட்டுக்கு ஆபத்து. அப்பிடியோ?”

“சட்டம் நான் எழுதியதல்ல, ரோசா.”

“என்ரை பேர் ரோசா இல்லை!”

நாய் குலைத்தது. அதற்குமேல் அவளுக்கு இத்தாலியன் வரவில்லை, அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. “கட்டையிலை போவானே! உன்ரை தேப்பனுக்கு ஆறு வருசம் குண்டி கழுவினன். உனக்காக மறியலிலை கிடந்தன். என்ரை பிள்ளை பெரியபிள்ளையானதைக்கூட நான் பாக்கேல்லை. நீ முயல் சுடப் போறியோ? நாசமாய்ப் போவாய், நல்லாய் இருப்பியோ நீ!” சொல் விளங்காவிட்டாலும் சங்கதி அவனுக்கு விளங்கியிருக்கும். முகம் சிவந்து, கதவு வரைக்கும் பின்னால் வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய முயல் இறைச்சியை எடுத்து அவள் கையில் திணித்தான்.

“கோபப்படாதே. பிள்ளைக்குச் சமைத்துக் கொடு.”

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக! இராசேஸ்வரி அந்தப் பையை அவன் கண் முன்னாலேயே அவிழ்த்து நாய்க்கு முன்னால் கொட்டினாள். பஸ் வரும்வரை கடற்காற்றில் நின்று, அவனையும் திட்டி, தன்னையும் திட்டினாள். பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி அவளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அபிதா மடிக்கணினியைத் திறந்து வைத்து, “சொல்லுங்கோ. எல்லாத்தையும் சொல்லுங்கோ” என்றாள். தாய் சொல்லச் சொல்ல மகள் இத்தாலியனில் எழுதினாள். துவக்கு எங்கே இருந்தது, யார் சுற்றிக் கொடுத்தது, போனில் என்ன சொன்னான், நேற்று மொண்டெல்லோவில் என்ன சொன்னான். நாலு பக்கம் வந்தது. கடைசியில், ‘இவர் என் தாய், இவருடன்தான் வசிக்கிறேன், என் விண்ணப்பத்தை என்னை வைத்து முடிவு செய்யுங்கள்’ என்று அவளாகவே சேர்த்தாள். இராசேஸ்வரி வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தாள்.

விமலராஜ் அதைப் பார்த்துத் தலையில் கையை வைத்தான். “அக்கா, பிள்ளைக்கு விசரோ? இதைக் குடுத்தா லைசென்ஸ் கிடையாது. ஆதாரம் எங்கை? அந்த ஆள் மானநட்ட வழக்குப் போட்டா என்ன செய்வியள்?”

இராசேஸ்வரிக்கு அவன் சொன்னது ஏறியது. உண்மையைச் சொல்லித்தான் ஏற்கனவே ஒருதரம் நீதவானுக்கு முன்னால் தோற்றவள் அவள். அன்று தொடங்கி வீட்டில் ஐந்து நாள் சண்டை. மகள் மாட்டேன் என்றாள், தாய் செய் என்றாள். கடைசியில் தாய் தன் ஆயுதத்தை எடுத்தாள். “நீ உந்த வேலையை என்னாலை இழந்தா, நான் இந்த வீட்டிலை ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டன். பிள்ளையின்ரை வாழ்க்கையைத் திண்டவள் எண்ட பேரோடை என்னைச் சாக விடப்போறியோ?” அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் நிற்கும்? அபிதா அழுதுகொண்டு விமலராஜின் தாளில் கையெழுத்தை வைத்தாள். இராசேஸ்வரி இரண்டு பையில் உடுப்பை அடைத்துக்கொண்டு குகனேஸ்வரி வீட்டுக்குப் போனாள். பதிவும் மாற்றியாயிற்று.

பத்தாம் நாள் லைசென்ஸ் கந்தோருக்குப் போனார்கள். கூட வரவேண்டாம் என்று மகள் சொல்லத்தான் செய்தாள். தாய் மனம் கேட்கவில்லை, தாள் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். எண்பத்தேழாம் இலக்கம். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் சனம், அந்தப் பக்கம் யன்னலுக்குப் பின்னால் ஒரு மொட்டைத்தலை மனுஷன். அபிதா தாளை நீட்டினாள். இராசேஸ்வரி தன்னை அறியாமல் அவளுக்குப் பின்னாலேயே போய், தோளோடு தோளாக நின்றுவிட்டாள்.

“சிஞ்ஞோரா, கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்” என்றான் அந்த மனுஷன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “அல்லது நீங்கள் இவருடைய ஆளா?”

தாளில் அவன் விரல் நின்ற இடத்தில் ‘எந்தத் தொடர்பும் இல்லை’ என்று இருந்தது. அபிதா வாயைத் திறந்தாள். அதற்கு முந்திக்கொண்டு இராசேஸ்வரி சொன்னாள்.

“இல்லை. தெரியாது. நான் வேறை அலுவலாய் வந்தனான்.”

சொல்லிவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த மனுஷன் தலையாட்டி, சீல் குத்தி, பிரதியைக் கொடுத்தான்.

வாசலுக்கு வெளியே வந்ததும் அபிதா நின்றாள். “ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“பின்னை என்ன சொல்லச் சொல்லுறாய்? ஓமெண்டு சொன்னா அந்த நிமிசமே எல்லாம் துலைஞ்சிடும். நல்லவேளை, அவன் நம்பியிட்டான்.”

“என்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டு, நல்லவேளை எண்டுறியளே அம்மா!”

“வா வீட்டை… சீ, நீ உன்ரை வீட்டை போ. நான் குகனேஸ்வரி வீட்டை போறன்.” சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. தெருவில் பட்டப்பகலில், தன்னுடைய பிள்ளைக்குப் பக்கத்தில் நடந்து போவதற்குக்கூட அவள் பயப்பட்டாள். யாருக்குப் பயந்து? எதைச் செய்ததற்காக? துணிச்சலாக அவள் மகளின் கையைப் பிடிக்கப் போனாள். ஆனால் அபிதா அதற்குள் திரும்பிப் படியேறிவிட்டாள்.

“எடியே! எங்கை போறாய்? விசரி, வேலை போயிடும்!” என்று கத்திக்கொண்டு தாய் பின்னால் ஓடினாள். அபிதா புது இலக்கம் எடுத்தாள். நூற்றுமூன்று. தாய் கெஞ்சினாள், ஏசினாள், கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை கதிரையில் பாறாங்கல் மாதிரி இருந்தாள். இலக்கம் வந்ததும் எழும்பிப் போய், பையில் வைத்திருந்த அந்த நாலு பக்கத்தையும் யன்னலுக்குள்ளால் தள்ளினாள்.

“முன்னம் தந்ததைத் திருப்பித் தாங்கோ. அது பொய். இதுதான் உண்மை.”

“திருப்பித் தர முடியாது, பதிந்தாயிற்று” என்றான் அந்த மனுஷன். முதல் பக்கத்தை வாசித்தான். இரண்டாவதையும் வாசித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “சிஞ்ஞோரீனா, மற்றத் தாளுக்கு லைசென்ஸ் வரும். இதையும் பதிந்தால் வராது. பொய் எழுதிக் கொடுத்தது என்று உங்கள்மேலேயே கேள்வி வரும். இதைக் கொண்டுபோங்கள். நான் காணவில்லை.”

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இராசேஸ்வரி பேசாமல் நின்றிருப்பாள். அவன் நல்லவனாகத்தான் சொன்னான். பொய்யைக் கொடு, வாழு, உண்மையைச் சுருட்டிக்கொண்டு போ என்று ஒரு நல்ல மனுஷன் இரக்கப்பட்டுச் சொல்கிறான்! அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“பதியுங்கோ” என்றாள்.

“நீங்கள் யார், சிஞ்ஞோரா?”

“தாய்.”

“சற்று முன்னால் தெரியாது என்றீர்களே?”

“பொய் சொன்னன்.” அவளுடைய குரல் உயர்ந்தது, கந்தோர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. “முதல் ஒருக்கால், துவக்கு என்ரை எண்டு பொய் சொன்னன். உடனை நம்பினீங்கள். இண்டைக்கு, பிள்ளை என்ரை இல்லை எண்டு பொய் சொன்னன். அதையும் உடனை நம்பினீங்கள். உண்மையைச் சொல்லுற நேரத்திலைதான் உங்களுக்கு ஆதாரம் வேணும், சாட்சி வேணும், பத்து நாள் வேணும். இந்தா நிக்கிறன். இவள் என்ரை பிள்ளை, நான் இவளோடைதான் இருக்கிறனான், அந்தத் துவக்கு என்ரை இல்லை. குத்துங்கோ சீல்!”

அபிதா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். யன்னலுக்குப் பின்னால் இருந்தவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதினான், சீல் குத்தினான், நூற்றுநாலு என்று கூப்பிட்டான்.